மதுரவாயல் சந்திப்பை மாற்றினால் துறைமுகத்து லாரி சீக்கிரம் போய்ச் சேருமா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏற்றுமதியைக் கவனிக்கும் நண்பர் கேட்ட கேள்வி இது: "மதுரவாயல் சந்திப்பிலிருந்து சென்னைத் துறைமுகம் வரை பறக்கும் சாலை கட்டுகிறார்களே, அது முடிந்தால் எங்கள் கன்டெய்னர் சீக்கிரம் கப்பலுக்குப் போய்விடுமா? இதற்கு ஏன் இத்தனை வருஷம்?"

வண்டி ஓடுகிற நேரம் கட்டாயம் குறையும். வண்டி நிற்கிற நேரம் குறையுமா என்பது துறைமுகக் கேட்டைப் பொறுத்தது. உங்கள் செலவுக் கணக்கில் பெரிய பூதம் எது என்று பார்த்தால், அது நிற்கிற நேரம்தான். சரக்கு அனுப்பும் தொழிலில் ராயபுரம் பக்கம் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஓட்டுநர்கள் தூரத்தைப் பற்றிப் புலம்பிக் கேட்டது குறைவு. துறைமுகக் கேட்டுக்கு முன்னால் லைனில், அதாவது வரிசையில், கிடந்ததைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

முதலில் இப்போதைய வழியைப் பாருங்கள். உங்கள் ட்ரெய்லர் பெங்களூர் நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து மதுரவாயலை அடைகிறது. அங்கிருந்து நேராகக் கோயம்பேடு வழியே துறைமுகம் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை. எனவே இடது பக்கம் திரும்பி, சென்னை பைபாஸில் ஏறி, வடக்கே புழல், மாதவரம், மணலி, எர்ணாவூர் என்று ஒரு பெரிய அரைவட்டம் அடித்து, திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, காசிமேட்டைத் தாண்டித் துறைமுகத்தின் வடக்குப் பக்கம் வந்து சேர்கிறது. நேர் வழியின் ஏறக்குறைய இரு மடங்கு தூரம். இந்த அரைவட்டம் தொடங்கும் மூலைதான் மதுரவாயல்.

மதுரவாயலில் இருப்பது குளோவர் லீஃப் வகை மேம்பாலம். கத்திப்பாராவில் 2008-ல் திறந்தார்களே, அதே குடும்பம். நான்கு இலை போல நான்கு வளையங்கள். பார்க்க அழகு, சிக்னல் கிடையாது, கார்களுக்கு நல்லது. கன்டெய்னர் லாரிக்கு அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்திப்பை மேம்படுத்துவது என்றாலே பாலத்தை அகலப்படுத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள்.

நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். குளோவர் லீஃபில் இடது திருப்பம் சுலபம்; ஒரு சறுக்குத் தடத்தில் போய்விடலாம். வலது திருப்பத்துக்குத்தான் வளையம்: பாலத்தைத் தாண்டிப் போய், இடது பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி மறு சாலையில் சேர வேண்டும். இப்போது உங்கள் வண்டியை வைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏற்றுமதிப் பெட்டியோடு வரும்போது மதுரவாயலில் இடது திருப்பம், தொல்லையில்லை. திரும்பி வரும்போது, புழலிலிருந்து தெற்கே வந்து மேற்கே திரும்ப வேண்டும். அது வலது திருப்பம், எனவே வளையம். இறக்குமதிச் சரக்கு ஏற்றிய பெட்டி, அதாவது கனமான பெட்டி, அந்த முக்கால் வட்டத்தைச் சுற்றியாக வேண்டும்.

சுற்றி முடித்து நெடுஞ்சாலையில் சேர்கிற இடத்தில் அடுத்த சிக்கல். கோயம்பேட்டிலிருந்து வந்து புழல் பக்கம் போகிற கார்கள் அதே இடத்தில், அதே இடதுகோடித் தடத்துக்கு வந்து அடுத்த வளையத்தில் நுழையப் பார்க்கும். லாரி உள்ளேயிருந்து வலது பக்கம் போக வேண்டும், கார் வலது பக்கமிருந்து உள்ளே வர வேண்டும். இரண்டும் குறுக்கே மாறிக்கொள்வதைப் பொறியாளர்கள் வீவிங் என்பார்கள். பின்னல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வளையங்களுக்கு நடுவே 150 மீட்டர் இருக்கிறது என்று வைத்தால், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரிக்கு அது பதினெட்டு விநாடி. அதற்குள் பதினாறு மீட்டர் நீள வண்டி இடம் பார்த்து மாற வேண்டும். பின்னால் அறுபதில் வரும் கார்க்காரர் பிரேக்கை மிதிக்கிறார், அவருக்குப் பின்னால் வருகிறவரும் மிதிக்கிறார். நெரிசல் பிறக்கும் இடம் அதுதான். இதற்கு மேம்பாலத்தில் இரண்டு தடம் கூட்டினாலும் பயன் குறைவு, ஏனென்றால் அடைப்பு பாலத்தின் மேல் இல்லை, பின்னலில் இருக்கிறது.

திட்டமிடும்போது ஒரு லாரியை மூன்று காராகவும் ட்ரெய்லரை நாலரை காராகவும் கணக்குப் போடுவது பழைய வழக்கம். சமதளத்தில் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. ஏற்றத்தில், வளைவில், பின்னலில் ஒரு ட்ரெய்லர் செய்கிற இடைஞ்சல் நாலரையோடு நிற்பதில்லை என்பது என் அனுபவம்.

வளையத்தின் இன்னொரு ஆபத்து, கவிழ்வது. கன்டெய்னரின் எடை மேலே இருக்கிறது. முழுச் சரக்கேற்றிய ட்ரெய்லர் பக்கவாட்டு விசை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே சாய ஆரம்பிக்கும். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள வளையத்தில் முப்பது கி.மீ. வேகத்தில் போனால் அந்த விசை எடையில் ஏழில் ஒரு பங்கு, நிம்மதி. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அறுபதில் போனால் பாதிக்கு மேல் வந்துவிடும். சாலையைச் சற்றுச் சாய்த்துப் போட்டிருந்தாலும் வண்டி தாங்காது. இதில் ட்விஸ்ட் லாக் போடாமல் ஓட்டுகிற பழக்கம் வேறு. பெட்டியையும் வண்டியையும் பூட்டுகிற அந்த நான்கு மூலைப் பூட்டுகள் திறந்திருந்தால், வண்டி நிற்கும், பெட்டி மட்டும் பக்கத்தில் போகிறவர் மேல் விழும். உங்கள் ட்ரான்ஸ்போர்ட்காரரிடம் இதை ஒருமுறை கேட்டு வையுங்கள்.

ஆகவே துறைமுக லாரிக்காகச் சந்திப்பை மேம்படுத்துவது என்றால் உண்மையில் செய்ய வேண்டியது: எந்தத் திருப்பத்தில் லாரி அதிகமோ அந்தத் திருப்பத்துக்கு வளையத்தை எடுத்துவிட்டு நேரடித் தடம் கொடுப்பது. அல்லது பின்னல் நடக்கிற பகுதியை முக்கியச் சாலையிலிருந்து பிரித்து, பக்கவாட்டில் தனிச் சாலையில் நடக்க வைப்பது. இதைவிட மேலான வழி, லாரியை அந்தச் சந்திப்பில் திரும்பவே விடாமல் நேராக மேலே கொண்டுபோவது. மதுரவாயல் பறக்கும் சாலையின் சிறப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு மதுரவாயலில் திருப்பமே கிடையாது. கிழக்கே வந்து கிழக்கேயே போகும், திரும்பும்போது மேற்கே வந்து மேற்கேயே போகும்.

மறைமலைநகர், தாம்பரம் பக்கத்திலிருந்து பைபாஸ் வழியே வருகிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் வடக்கே வந்து கிழக்கே திரும்ப வேண்டும், அது வலது திருப்பம், அதுவும் ஏற்றுமதிப் பெட்டியோடு. அந்தத் திருப்பத்துக்கு நேரடியான ஏறு தடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் தேடுவேன்.

சரி, ஏன் இத்தனை வருஷம்? 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 19 கி.மீ., சுமார் 1,655 கோடி ரூபாய். நகருக்குள் காலியாகக் கிடந்த நீள நிலம் கூவம் ஒன்றுதான் என்பதால் சாலையை ஆற்றோரமாகக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். தூண்கள் ஆற்றில் இறங்கின. 2012-ல் ஜெயலலிதா அரசு, தூண்கள் வெள்ள நீரோட்டத்தைத் தடுக்கும் என்று வேலையை நிறுத்தியது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2014-ல் தடை நீக்கப்பட்டது. ஆனாலும் வேலை நகரவில்லை. கூவத்தில் மொட்டைத் தூண்கள் மட்டும் வருஷக்கணக்காக நின்றன. அப்புறம் திட்டத்தையே திருப்பி வரைந்தார்கள். 2022 மே 26-ல் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது சுமார் 21 கி.மீ., இரண்டு அடுக்கு, செலவு 5,800 கோடிக்கு மேல். மேல் அடுக்கு துறைமுகத்து வண்டிகளுக்கு. கீழ் அடுக்கு நகருக்குள் ஏறி இறங்குகிறவர்களுக்கு.

இதில் யார் சரி என்று என்னைக் கேட்டால், வெள்ளத்தைப் பற்றிய கவலை வீணான கவலை இல்லை. 2015 டிசம்பரைப் பார்த்த யாரும் ஆற்றுக்குள் தூண் நடுவதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அடிக்கல்லுக்கு முன்னால் கேட்டு முடித்திருக்க வேண்டும். தூண் எழும்பிய பிறகு கேட்டதற்கான விலைதான் மூன்றரை மடங்குச் செலவும் பதின்மூன்று வருஷமும். இரண்டு அடுக்காகப் பிரித்தது மட்டும் பழைய வரைபடத்தைவிட நல்ல யோசனை. நாற்பதடி ட்ரெய்லரும் இருசக்கர வண்டியும் ஒரே தடத்தில் போகிற சாலையில் உயிர்களைக் காப்பாற்றுவது கடினம்.

வடக்கு வழியும் இதே போல இழுத்த கதைதான். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி, இவை சேர்ந்து சுமார் 30 கி.மீ. சாலையை 600 கோடி அளவில் விரிவாக்க எடுத்த திட்டம், பேச்சிலேயே பல ஆண்டுகள் போய், 2011-ல்தான் வேலைக்கு வந்தது. கடலோரம் மீனவர் வீடுகள், ஒரு பக்கம் கடலரிப்பு, மறு பக்கம் தொழிற்சாலைச் சுவர். சாலை அகலமானது. லைன் குறைந்ததா? சில காலம் குறையும், அப்புறம் மறுபடி எர்ணாவூர் வரை நீளும். ஏன் என்று பார்ப்போம்.

கேட்டில் என்ன நடக்கிறது? ஓட்டுநரின் அனுமதிச் சீட்டு, கன்டெய்னர் எண், சீல் எண், கஸ்டம்ஸ் அனுமதி, பாதுகாப்புப் படையின் சோதனை. ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் என்று வைப்போம். ஐந்து தடம் திறந்திருந்தால் மணிக்கு 150 வண்டி உள்ளே போகும். சந்திப்பையும் சாலையையும் நன்றாக்கி மணிக்கு 200 வண்டி வந்து சேரும்படி செய்துவிட்டீர்கள். மணிக்கு 50 வண்டி மிச்சம். வண்டியும் இடைவெளியுமாக ஒன்றுக்கு இருபது மீட்டர் போட்டால், ஒவ்வொரு மணி நேரமும் லைன் ஒரு கிலோமீட்டர் வளரும். எட்டு மணி நேரத்தில் எட்டு கிலோமீட்டர். இது நான் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு. ஆனால் கடற்கரைச் சாலையில் லைன் திருவொற்றியூரைத் தாண்டிக் கிடந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஒரு கம்ப்யூட்டர் கோளாறு, ஒரு ஸ்கேனர் பழுது, ஒரு சங்கத்தின் வேலைநிறுத்தம், ஒரு புயல் எச்சரிக்கை, எது வந்தாலும் லைன் ராத்திரியோடு ராத்திரியாக நீண்டுவிடும். ஒரு நாள், இரண்டு நாள் என்று வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்ட ஓட்டுநர்களை எனக்குத் தெரியும்.

தவிர, எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். கப்பலின் கட்-ஆஃப், அதாவது பெட்டி உள்ளே போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம், நாளைக்கு ஆறு மணி என்றால், தொழிற்சாலை இன்று சாயங்காலம்தான் பெட்டியை அடைத்து அனுப்பும். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வார இறுதியில் கப்பல், வெள்ளிக்கிழமை இரவு லைன்.

லைன் நிற்கிற சாலையும் சீக்கிரம் கெடும். அச்சின் மேல் சுமை கால் பங்கு கூடினால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். சுமையின் நான்காம் அடுக்காக வளரும் கணக்கு அது. ஓடும் சக்கரத்தைவிட நிற்கும் சக்கரம் தாரை அதிகம் அமுக்கும், வெயிலில் இன்னும் மோசம். லாரி நிற்கிற இடத்துக்குக் கான்கிரீட் போடுவதுதான் புத்தி.

வெளியூர் அனுபவம் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் லாங் பீச் துறைமுகத்துக்குள் போகும் ஜெரால்டு டெஸ்மண்ட் பாலம் 1968-ல் கட்டியது. துறைமுகச் சரக்கு பெருகி, பாலம் தேய்ந்து, கடைசிக் காலத்தில் உதிரும் கான்கிரீட் துண்டுகளைப் பிடிக்க அடியில் வலை கட்டி வைத்திருந்தார்கள். 2020 அக்டோபரில் சுமார் 150 கோடி டாலர் செலவில் புதுப் பாலம் திறந்தார்கள். தடம் கூட்டினார்கள், லாரிக்காக ஏற்றத்தின் சாய்வைக் குறைத்தார்கள், வண்டி பழுதானால் ஒதுங்க ஓரத் தடம் கொடுத்தார்கள், இரு பக்கச் சந்திப்புகளையும் திருத்தினார்கள். ஆனால் அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 2005-ல், அந்தத் துறைமுகங்களில் இன்னொரு காரியம் நடந்துவிட்டது: பகலில் கன்டெய்னர் எடுத்தால் கூடுதல் கட்டணம், இரவில் வந்தால் கிடையாது. அந்தப் பணத்தில் இரவு கேட்டுகள் ஓடின. ஒரு கூடை சிமென்ட் போடாமல் கூட்டத்தைப் பகலிலிருந்து இரவுக்குப் பெயர்த்தார்கள். 2018-ல் அதையும் மாற்றி, முன்பதிவு நேரம் வாங்கிக்கொண்டு வரும் முறைக்குப் போனார்கள்.

கொழும்பில் வேறு பாடம். விமான நிலையத்திலிருந்து வரும் கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013-ல் திறந்ததும் வண்டிகள் பேலியகொடை வரை பறந்து வந்து களனிப் பாலத்தடியில் நின்றன. 2021 நவம்பரில் புதுக் களனிப் பாலம் வந்த பிறகுதான் அந்த முடிச்சு தளர்ந்தது. அங்கிருந்து துறைமுகத்துக்கு உயர்த்திய பாதையும் கட்ட வேண்டியிருந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு இறுகுவதை நாமும் பார்க்கத்தான் போகிறோம்.

இப்போது என் சொந்தச் சந்தேகம் ஒன்று. சென்னைத் துறைமுகம் 2010-11-லேயே வருஷத்துக்கு 15 லட்சம் இருபதடிப் பெட்டிகளைத் தாண்டிவிட்டது. பத்து வருஷம் கழித்தும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. வளர்ச்சி எங்கே போனது? வடக்கே. 2001-ல் தொடங்கிய எண்ணூர், இன்று காமராஜர் துறைமுகம், பக்கத்திலேயே காட்டுப்பள்ளி. நிலக்கரியும் இரும்புத் தாதுவும் 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னையை விட்டு வெளியேறின. பிறகு கன்டெய்னரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் சாய்ந்தது. அதற்கு ஒரு காரணம், இந்த லைன்.

காட்டுப்பள்ளிக்குப் போகிற உங்கள் பெட்டி மதுரவாயலைத் தொடவே வேண்டாம். அதற்கு முன்பே நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் நெமிலிச்சேரி, மீஞ்சூர் என்று போய்விடலாம். வண்டலூர்–மீஞ்சூர் 62 கி.மீ. முழுவதும் திறந்துவிட்டது. எண்ணூரிலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் வரை சுமார் 133 கி.மீ. எல்லைச் சாலையும் வருகிறது. ஆகவே மதுரவாயல் பறக்கும் சாலை முடிகிறபோது, அது யாருக்காகத் திட்டமிடப்பட்டதோ அந்தச் சரக்கில் ஒரு பகுதி வேறு கதவு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். இதனால் அது வீண் என்று நான் சொல்லவில்லை. கார் ஏற்றுமதி, சென்னை டெர்மினல்களில் மட்டும் நிற்கிற கப்பல் சேவைகள், நகருக்குள் வருகிற பொதுச் சரக்கு, எல்லாவற்றுக்கும் அது தேவை. கீழ் அடுக்கால் நகரவாசிக்குக் கிடைக்கிற பயன் இன்னும் பெரிதாக இருக்கலாம். ஆனால் 'துறைமுகப் பிரச்சினை தீர்ந்தது' என்று யாராவது ரிப்பன் வெட்டினால் நம்பாதீர்கள்.

நான் கேட்பது இரண்டு. மதுரவாயலுக்கு மேற்கே, நெடுஞ்சாலையோரம், லாரிகள் நின்று காத்திருக்க ஒரு பெரிய திடல்: கழிப்பறை, தண்ணீர், சாப்பாட்டுக் கடை, கான்கிரீட் தரை. கேட்டில் உங்கள் நேரம் வந்தால் மட்டும் அங்கிருந்து வண்டி கிளம்பட்டும். உயரத்தில் கட்டிய சாலையில் லைன் நின்றால் அதைவிடக் கொடுமை இல்லை. ஒதுங்க இடமில்லை, ஓட்டுநர் இறங்கி ஒன்றுக்குப் போகக்கூட வழியில்லை. இரண்டாவது, ரயில். ஒரு சரக்கு ரயிலில் 45 வேகன், தொண்ணூறு இருபதடிப் பெட்டி. ஒரு ட்ரெய்லருக்கு இரண்டு பெட்டி என்று வைத்தால், 45 ட்ரெய்லர் சாலையில் குறைகிறது. மதுரவாயலுக்கு அடிக்கல் நாட்டிய அதே 2022 மே 26-ல் மப்பேட்டில், லாரியிலிருந்து ரயிலுக்குச் சரக்கு மாற்றும் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் ஊருக்குப் பக்கம். அதற்கு ரயில் பாதை எப்போது சேர்கிறது என்பதில் ஒரு கண் வைத்திருங்கள்.

அதுவரை ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஐந்து நேரம் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: தொழிற்சாலை வாசல், மதுரவாயல், மணலி, லைனின் வால், கேட் உள்ளே. ஓட்டுநர் போனில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். மதுரவாயலுக்கும் மணலிக்கும் நடுவே நேரம் போகிறது என்றால் பறக்கும் சாலைக்காகக் காத்திருக்கலாம். லைனின் வாலுக்கும் கேட்டுக்கும் நடுவே போகிறது என்றால், பெட்டியை ஒரு நாள் முன்னதாக அடைத்து, அதிகாலையில் கேட்டைத் தொடும்படி அனுப்பிப் பாருங்கள். அப்படியும் நேரம் குறையவில்லை என்றால், கப்பல் நிறுவனத்திடம் காட்டுப்பள்ளி சேவைக்கு என்ன விலை என்று கேளுங்கள். வண்டி காத்துக் கிடப்பதற்கான ஹால்டிங் கட்டணம் இரண்டு நாள் மிச்சமானாலே அந்தக் கணக்கு மாறிவிடும்.